மாணவர்களே நடத்தும் பள்ளிச் சூழல் மன்றம்: தொடங்குவது முதல் அடுத்த அணியிடம் ஒப்படைப்பது வரை ஒரு முழுமையான வழிகாட்டி

தமிழ்நாட்டின் அரசு, அரசு உதவி பெறும் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகள் பலவற்றில் தேசிய பசுமைப் படை என்றோ சுற்றுச்சூழல் மன்றம் என்றோ ஓர் அமைப்பு ஏற்கெனவே இருக்கிறது. பசுமைப் படை என்பது மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2001-02ஆம் ஆண்டில் தொடங்கிய திட்டம். அதற்குப் பத்தாண்டுகள் முன்பே, சூழல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், பள்ளிகளில் சூழல் கல்வியைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று 1991இல் உச்ச நீதிமன்றம் கூறியிருந்தது. ஆக, மன்றம் தொடங்க எவரிடமும் புதிதாக வாதாட வேண்டியதில்லை. ஆனால் பெரும்பாலான இடங்களில் இந்த மன்றம் உலகச் சுற்றுச்சூழல் நாளான ஜூன் 5 அன்று ஒரு பேரணி, ஓர் ஓவியப் போட்டி, வாசலருகே ஒரு மரக்கன்று, ஒரு புகைப்படம் என்ற அளவில் நின்றுவிடுகிறது. அதில் மாணவர்கள் கலந்துகொள்கிறார்கள். திட்டமிடுவதும் நடத்துவதும் ஆசிரியர்தான்.

மாணவர்களே நடத்தும் மன்றம் என்று சொல்ல வேண்டுமானால் மூன்று பொறுப்புகள் அவர்கள் கையில் இருக்க வேண்டும். பள்ளியின் நிலவரத்தை அளந்து எழுதிவைப்பது அவர்கள் வேலை. எந்தப் பணியை முதலில் எடுப்பது என்று முடிவு செய்வதும் அவர்களே. நடந்ததையும் நடக்காததையும் பள்ளியின் முன் சொல்வதும் அவர்களே. இந்த வழிகாட்டி அந்த நோக்கில் எழுதப்பட்டது. அறுநூறு முதல் ஆயிரம் பேர் வரை படிக்கும் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியை மனத்தில் வைத்திருக்கிறேன். நிதி குறைவான பள்ளிக்கும் பொருந்தும்படி, செலவில்லாத வழிகளையே முதலில் சொல்கிறேன்.

முதல் படி: அணியை அமைத்தல்

யார் தலைமை ஏற்பது என்பதில்தான் பல மன்றங்களின் ஆயுள் தீர்மானிக்கப்படுகிறது. பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் மூத்தவர்கள் என்பதற்காக அவர்களிடம் பொறுப்பைக் கொடுப்பது வழக்கம். ஆனால் காலாண்டுத் தேர்வு முடிந்ததும் அவர்கள் பொதுத்தேர்வுக்குள் மூழ்கிவிடுவார்கள், பத்தாம் வகுப்பினர் நிலையும் அதுவே. எனவே செயற்குழுவின் முதுகெலும்பாக ஒன்பதாம், பதினொன்றாம் வகுப்பு மாணவர்கள் இருக்கட்டும். ஏழு, எட்டாம் வகுப்புகளிலிருந்து கட்டாயம் சிலரைச் சேருங்கள், ஏனென்றால் அடுத்த ஆண்டுகளில் பணியைத் தொடரப்போவது அவர்கள்தான். பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பினர் ஆலோசகர்களாக இருந்தால் போதும். மொத்தம் இருபது, இருபத்தைந்து பேருக்கு மேல் வேண்டாம். நாட்டு நலப்பணித் திட்டம், இளம் செஞ்சிலுவைச் சங்கம், சாரணர் இயக்கம் ஆகியவற்றில் இருக்கும் மாணவர்களில் ஒருவரையாவது சேர்த்துக்கொண்டால், ஒரே வேலையை நான்கு அமைப்புகள் தனித்தனியே செய்யும் வீண் தவிர்க்கப்படும்.

மாணவர்களோடு பள்ளியின் தூய்மைப் பணியாளரும் சத்துணவு அமைப்பாளரும் கூட்டங்களுக்கு அழைக்கப்பட வேண்டும். குப்பை எங்கே சேர்கிறது, எந்தக் குழாய் எப்போது ஒழுகுகிறது, எவ்வளவு சோறு மிஞ்சுகிறது என்பவற்றைத் தலைமையாசிரியரைவிட அவர்கள் நன்றாக அறிவார்கள். அவர்களைக் கேட்காமல் போடும் திட்டம் அவர்களுடைய வேலையைக் கூட்டுவதில்தான் போய் முடியும்.

வேலைப் பட்டியல் போடும்போது ஒரு விஷயத்தில் சிறிதும் தளர்வு கூடாது. பெருக்குவது, குப்பை அள்ளுவது போன்ற வேலைகள் எந்தச் சாதிப் பிள்ளைகள்மேல் விழுகின்றன, ஆண் பிள்ளைகள் எதிலிருந்து நழுவுகிறார்கள் என்பவை நம் பள்ளிகளில் உண்மையான கேள்விகள். ஆகவே பணிகளை ஆசிரியர் ஆள் பார்த்துப் பிரிக்கக் கூடாது; வருகைப் பதிவேட்டு வரிசைப்படியோ சீட்டுக் குலுக்கியோ வாராவாரம் சுழற்றுங்கள். மன்றத் தலைவர் உட்பட எவருக்கும் விலக்கு இல்லை. கழிப்பறையைத் தூய்மை செய்வது எந்த மாணவருடைய வேலையும் அன்று. அது பட்டியலில் இடம்பெறவே கூடாது. இந்த ஒழுங்கு இல்லாத மன்றம் எத்தனை மரம் நட்டாலும் அதை நான் நல்ல மன்றம் என்று சொல்ல மாட்டேன்.

பொறுப்பாசிரியரின் பங்கு அனுமதிகளைப் பெற்றுத் தருவது, பாதுகாப்பைப் பார்த்துக்கொள்வது, கூட்டத்தில் கடைசியாகப் பேசுவது. அவர் முதலில் பேசிவிட்டால் ஒன்பதாம் வகுப்பு மாணவி எவளும் மாற்றுக் கருத்தைச் சொல்ல மாட்டாள். தலைமையாசிரியரிடம் வாய்மொழியாக அனுமதி கேட்பதோடு நிற்காமல், மன்றத்தின் நோக்கம், கூடும் நாள், தேவைப்படும் இடம் ஆகியவற்றை ஒரு பக்கக் கடிதமாக மாணவர்களே எழுதிக் கொடுத்து ஒப்புதல் பெறட்டும். தலைமையாசிரியர் மாறுதலாகிப் போனாலும் அந்தக் கடிதம் கோப்பில் இருக்கும்.

இரண்டாம் படி: ஒரு மாதம் அளவெடுத்தல்

1994இல் ஐரோப்பாவில் தொடங்கிப் பல நாடுகளுக்குப் பரவிய ஈகோ ஸ்கூல்ஸ் திட்டம் தன் ஏழு படிகளில் குழுவுக்கு அடுத்ததாகச் சூழல் ஆய்வை வைத்திருக்கிறது. தில்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் நடத்தும் பசுமைப் பள்ளித் திட்டமும் காற்று, ஆற்றல், உணவு, நிலம், நீர், கழிவு என்ற ஆறு தலைப்புகளில் மாணவர்களைத் தணிக்கை செய்யச் சொல்கிறது. இரண்டும் சொல்வது ஒன்றே: செயலுக்கு முன் கணக்கு. இதில் எனக்கு முழு உடன்பாடு. வயதும் அதிகாரமும் இல்லாத ஒரு மாணவரின் சொல்லை ஊராட்சித் தலைவரோ கல்வி அதிகாரியோ செவிகொடுத்துக் கேட்கவைப்பது அவர் கையிலிருக்கும் நோட்டுப் புத்தகம்தான். ‘நம் பள்ளியில் தண்ணீர் வீணாகிறது’ என்று சொன்னால் தலையசைத்துவிட்டுப் போவார்கள். ‘கிழக்குக் கட்டடக் குழாயிலிருந்து நாளொன்றுக்கு 72 லிட்டர் ஒழுகுகிறது’ என்று சொன்னால் ஆள் அனுப்புவார்கள்.

அந்த 72 எப்படி வந்தது என்று பாருங்கள். ஒழுகும் குழாயின் கீழ் ஒரு லிட்டர் பாட்டிலை வைத்து, அது நிறைய எத்தனை நிமிடம் ஆகிறது என்று கடிகாரம் பார்த்து எழுதுங்கள். இருபது நிமிடத்தில் நிறைந்தால் மணிக்கு 3 லிட்டர், நாளுக்கு 72 லிட்டர். ஏழாம் வகுப்பு மாணவரும் இதைச் செய்யலாம். பள்ளி வளாகத்தின் வரைபடத்தை ஒரு பெரிய தாளில் வரைந்து, ஒவ்வொரு குழாய்க்கும் கழிப்பறைத் தொட்டிக்கும் எண் கொடுத்து, ஒழுகுபவற்றின் அளவை அந்தந்த எண்ணுக்கு எதிரே குறியுங்கள். மேல்நிலைத் தொட்டியை நாளுக்கு எத்தனை முறை நிரப்புகிறார்கள், தொட்டியின் கொள்ளளவு என்ன என்பவை தெரிந்தால் மொத்தப் பயன்பாடும் வந்துவிடும்.

மின்சாரத்துக்கு ஒவ்வொரு வகுப்பறையிலும் எத்தனை மின்விசிறி, எத்தனை விளக்கு என்று எண்ணி, ஒரு வாரம் உணவு இடைவேளையிலும் மாலையிலும் சுற்றி வந்து, ஆளில்லாமல் ஓடுபவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பழைய வகைக் கூரை மின்விசிறி ஏறத்தாழ 75 வாட் இழுக்கும். இருபத்து நான்கு வகுப்பறை, அறைக்கு நான்கு விசிறி என்று வைத்தால் 96 விசிறிகள். அவை உணவு இடைவேளையில் ஒரு மணி நேரம் வெறுமனே சுற்றினால் 7.2 யூனிட். ஆண்டில் 200 நாள் என்று கொண்டால் 1,440 யூனிட். இந்தியாவில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது என்பதால், ஆளில்லாத அறையில் சுழன்ற காற்றுக்காக ஒரு டன் கரியமில வாயு. இந்தக் கணக்கைப் பத்தாம் வகுப்பின் கணிதப் பலகையிலேயே போடலாம். இயற்பியல் ஆசிரியர் மகிழ்வார்.

கழிவு ஆய்வுக்குத்தான் அதிக ஏற்பாடு தேவை. ஐந்து வேலை நாள்கள், மாலை வகுப்பு முடிந்ததும், அன்றைய குப்பை முழுவதையும் ஒரு தார்ப்பாயில் கொட்டிப் பிரித்து எடைபோட வேண்டும். இலைச் சருகு, உணவு மிச்சம், தாள், விற்கக்கூடிய பிளாஸ்டிக், எவரும் வாங்காத பல அடுக்கு உறைகள், எழுதித் தீர்ந்த பேனாக்கள், மற்றவை என்று பிரித்தால் போதும். ரப்பர் கையுறை, முகக்கவசம், காலில் செருப்பு ஆகியவை இல்லாமல் எவரும் தார்ப்பாயின் அருகே வரக் கூடாது. உடைந்த கண்ணாடி, குழல்விளக்கு, மின்கலம், ஆய்வகக் கழிவு ஆகியவற்றை ஆசிரியரோ பணியாளரோ மட்டுமே எடுக்க வேண்டும். மாதவிடாய்க் கழிவு இந்த ஆய்வுக்குள் வரவே கூடாது. அதற்கான எரியூட்டி வேலை செய்கிறதா, மூடிய கூடை இருக்கிறதா என்பதை மாணவியர் குழுவொன்று ஆசிரியை ஒருவரிடம் தனியே தெரிவித்தால் போதுமானது.

மரங்களையும் இதே மாதத்தில் எண்ணிவிடலாம். ஒவ்வொரு மரத்துக்கும் பெயர், மார்பளவு உயரத்தில் அடிமரத்தின் சுற்றளவு, காய்க்கும் பருவம் என்று ஒரு வரி. பூப்பதும் காய்ப்பதும் எந்த வாரத்தில் நிகழ்கிறது என்று தொடர்ந்து கவனிக்க விரும்பும் மாணவர்கள் சீசன்வாட்ச் என்ற நாடளாவிய மரக் கண்காணிப்புத் திட்டத்தில் பள்ளியின் பெயரில் சேர்ந்துகொள்ளலாம். பொங்கல் விடுமுறையில் தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் நடத்தும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பிலும் பள்ளி வளாகத்தின் பறவைகளைப் பதியலாம்.

மூன்றாம் படி: பெரிய பணி ஒன்றைத் தேர்ந்தெடுத்தல்

மாத முடிவில் எல்லாக் குறைகளும் கண்ணுக்குத் தெரியும்; எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் சரிசெய்யத் தோன்றும். அந்த ஆசைக்கு இடம் கொடுக்காதீர்கள். முதல் ஆண்டில் ஒரு பெரிய பணி, கூடவே ஒரு சிறிய பணி, அவ்வளவே. அளவுகளைக் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் படித்துக் காட்டி, வகுப்புவாரியாக வாக்கெடுத்து முடிவு செய்யுங்கள். பெரிய பணிக்கு என் பரிந்துரை உரமாக்கல். அதன் பலன் மூன்று மாதத்துக்குள் கையில் அள்ளிப் பார்க்கும்படி வந்துவிடுகிறது, ஏறக்குறைய எல்லாப் பள்ளிகளிலும் குப்பையில் எடை மிகுந்த பகுதி சருகும் உணவு மிச்சமும்தான். சிறிய பணிக்கு மின்விசிறிகளையோ ஒழுகும் குழாய்களையோ எடுத்துக்கொள்ளலாம்.

நான்காம் படி: குப்பையிலிருந்து உரம்

2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் குப்பையை உருவாக்குபவரே அதைப் பிரித்துத் தர வேண்டும் என்றும், திறந்தவெளியில் எரிக்கவோ புதைக்கவோ கூடாது என்றும் சொன்னவை. ஆனாலும் பள்ளி மைதானத்தின் மூலையில் சருகைக் குவித்துக் கொளுத்தும் பழக்கம் இன்னும் போகவில்லை. உரக்குழி அந்தப் புகைக்கு நேரடியான மாற்று.

இடம்: நிழலும் நீர் வசதியும் உள்ள, மழைநீர் தேங்காத மேடு. வகுப்பறை, கிணறு, குடிநீர்த் தொட்டி ஆகியவற்றிலிருந்து நன்றாகத் தள்ளியிருக்க வேண்டும். அமைப்பு: செங்கற்களை இடைவெளி விட்டு அடுக்கிய தொட்டிகள் மூன்று, ஒவ்வொன்றும் நீளம், அகலம், உயரம் ஒரு மீட்டர் அளவில். இதைவிடச் சிறியதாக இருந்தால் குவியலுக்குள் போதிய சூடு நிற்காது. சிமென்ட் பூச்சு தேவையில்லை. காற்று உள்ளே போக வேண்டும். பழைய கட்டடத்தை இடித்த செங்கல் கிடைத்தால் செலவே இல்லை.

நிரப்பும் முறை எளிது, ஆனால் அதை ஒழுங்காகக் கடைப்பிடிக்க வேண்டும். அடியில் குச்சிகளும் தென்னை மட்டைத் துண்டுகளும் அரை அடி. அதன்மேல் பருமனளவில் மூன்று கூடை சருகுக்கு ஒரு கூடை ஈரக் கழிவு என்ற விகிதம். நுண்ணுயிர்களுக்குக் கரிமம் இருபத்தைந்து முப்பது பங்கும் நைட்ரஜன் ஒரு பங்கும் என்ற அளவில் உணவு தேவை. சருகில் கரிமம் மிகுதி, காய்கறித் தோலிலும் உணவு மிச்சத்திலும் நைட்ரஜன் மிகுதி. ஈரக் கழிவு கூடினால் நாற்றம் எடுக்கும், சருகு கூடினால் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். ஒவ்வொரு நாளும் ஈரக் கழிவின்மேல் சருகைப் போர்த்தி மூடினால் ஈயும் எலியும் அண்டாது. தொடக்கத்தில் ஒரு வாளி சாணக் கரைசல் தெளித்தால் வேலை விரைவாகும்.

சத்துணவுக் கூடத்திலிருந்து வருபவற்றில் காய்கறித் தோல், வாழைப்பழத் தோல், முட்டை ஓடு ஆகியவை தினமும் கிடைக்கும். முட்டை ஓட்டை அப்படியே போட்டால் ஓராண்டானாலும் மக்காது. காயவைத்துப் பொடித்துத்தான் போட வேண்டும், சுண்ணாம்புச் சத்து மண்ணுக்குச் சேரும். எண்ணெயும் உப்பும் கலந்த சோறு, குழம்பு மிச்சத்தைக் குழியில் அதிகம் கொட்டாதீர்கள். முதலில் அது ஏன் மிஞ்சுகிறது என்று கேளுங்கள். ஒரு வாரம் மிச்சத்தை எடைபோட்டு உணவு வகைக்கு எதிரே எழுதினால், எந்த நாள் உணவு அதிகம் மிஞ்சுகிறது என்பது தெரியும். அதைச் சமையலரிடம் குற்றச்சாட்டாகக் கொண்டுபோகாமல் மரியாதையோடு பேசினால், முதலில் குறைவாகப் பரிமாறிக் கேட்டால் மீண்டும் போடும் வழக்கத்தைக் கொண்டுவர முடியும்.

ஈரப்பதத்தைச் சோதிக்கக் கையுறையோடு ஒரு பிடி அள்ளிப் பிழியுங்கள். ஓரிரு சொட்டு நீர் வந்தால் சரி, ஒழுகினால் அதிகம், ஒன்றும் வராமல் உதிர்ந்தால் குறைவு. வாரம் ஒருமுறை கிளறிவிட வேண்டும். நடுவில் ஐம்பது, அறுபது டிகிரி வரை சூடேறுவது நல்ல அறிகுறி; நீண்ட வெப்பமானி இருந்தால் அறிவியல் ஆய்வகத்திலிருந்து எடுத்துக்கொண்டு நாள்தோறும் குறிக்கலாம். முதல் தொட்டி நிறைந்ததும் இரண்டாவதைத் தொடங்குங்கள், மூன்றாவது தொட்டி கிளறி மாற்றுவதற்கு. இரண்டு, மூன்று மாதத்தில் கரும்பழுப்பு நிறமும் மண்வாசனையும் வந்துவிடும். முதிர்ந்ததா என்று ஐயமிருந்தால் ஒரு சிரட்டையில் அந்த உரத்தை மண்ணோடு கலந்து வெந்தயம் விதைத்துப் பாருங்கள். ஒழுங்காக முளைத்தால் பயன்படுத்தலாம்.

உலர்ந்த கழிவில் தாளையும் அட்டையையும் பழைய பொருள் வாங்குபவரிடம் விற்று அந்தத் தொகையை மன்றக் கணக்கில் எழுதுங்கள். மற்றதைப் பிரித்த நிலையிலேயே ஊராட்சியின் தூய்மைக் காவலரிடமோ நகராட்சிப் பணியாளரிடமோ ஒப்படையுங்கள். பிரித்துக் கொடுத்ததை அவர் வண்டியில் மறுபடி ஒன்றாகக் கொட்ட நேர்ந்தால் அவரிடம் கோபப்படாமல், வண்டியில் தனித் தடுப்பு இல்லாததை உள்ளாட்சி அமைப்புக்கு எழுத்தில் தெரிவியுங்கள்.

பிளாஸ்டிக்கைப் பொறுத்தவரை, தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் 14 வகைப் பொருள்களுக்குத் தடை இருக்கிறது. 2021 டிசம்பரில் மீண்டும் மஞ்சப்பை இயக்கமும் தொடங்கியது. பள்ளி விழாக்களில் பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதக் குவளையும் தெர்மாகோல் தட்டும் நுழையாமல் பார்த்துக்கொள்வதை மன்றம் தன் நேரடிப் பொறுப்பாக ஏற்கலாம்: ஐம்பது எவர்சில்வர் குவளை வாங்கிவைத்துக் கடனாகக் கொடுத்து வாங்கினால் விழாவுக்கு விழா குப்பை குறையும். வாசலில் மாங்காய், நெல்லி விற்கும் பாட்டியிடம் தடைச் சட்டத்தைப் பேசாதீர்கள். அவர் பிளாஸ்டிக் உறைக்குப் பதில் வாழை இலைத் துண்டிலோ தாமரை இலையிலோ தரும்படி இலையை மன்றமே தினமும் கொண்டுவந்து கொடுக்கலாம்.

ஐந்தாம் படி: நீர்

குழாய்களின் ஒழுகலை நிறுத்துவதற்குப் பல நேரங்களில் வாஷர் ஒன்றே போதும். மழைநீர்ச் சேகரிப்பு அதைவிடப் பெரிய வேலை. தமிழ்நாடு 2003இல் கட்டடங்களுக்கு மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. எனவே பல பள்ளிகளில் குழாயும் குழியும் ஏற்கெனவே இருக்கின்றன, அடைந்துபோயும் உடைந்தும். புதிதாகக் கட்டுவதைவிட இருப்பதை உயிர்ப்பிப்பதே முதல் வேலை.

கூரையில் விழும் நீரின் அளவைக் கணக்கிட ஒரே வாய்பாடு: ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 40 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம் உள்ள கட்டடத்தின் மொட்டை மாடி 320 சதுர மீட்டர். ஒரே இரவில் 25 மில்லிமீட்டர் பெய்தால் 8,000 லிட்டர், சிதறலும் ஆவியாதலும் போக ஐந்தில் நான்கு பங்கு கிடைத்தாலும் 6,400 லிட்டர். செப்டம்பர் மாதத்துக்குள், அதாவது வடகிழக்குப் பருவமழைக்கு முன், மாடியைப் பெருக்கவும் குழாய் வாயிலுள்ள வலையைச் சரிசெய்யவும் வடிகட்டும் குழியிலுள்ள மணலையும் ஜல்லியையும் அலசிப் போடவும் வேண்டும். மாடியிலும் குழியிலும் வேலை செய்ய வேண்டியவர்கள் பெரியவர்கள். மாணவர்கள் நாள் குறித்து நினைவூட்டி, முடிந்ததைச் சரிபார்த்துக் கையொப்பம் வாங்கட்டும். முதல் மழையின் அழுக்கு நீரை வெளியே விட்டுவிட்டு அதன் பிறகே நீரைக் குழிக்குள் திருப்புங்கள். பள்ளியில் ஒரு மழைமானி வைத்து, மழை பெய்த ஒவ்வொரு நாளும் அளவைப் பலகையில் எழுதினால், ஒரே ஆண்டில் உங்கள் ஊரின் மழையைப் பற்றி உங்களுக்கென்று ஒரு பதிவேடு இருக்கும்.

ஆறாம் படி: மின்சாரம்

இதில் நீட்டிச் சொல்ல ஒன்றும் இல்லை. ஒவ்வொரு வகுப்பிலும் வாரத்துக்கு இருவர் மின்காவலர். அறையைவிட்டுக் கடைசியாக வெளியேறுபவர்கள் அவர்களே. சுவிட்சுகளின் மேல் எது எந்த விசிறிக்கு உரியது என்று எழுதி ஒட்டினால், ஒன்றைப் போட நான்கைப் போடும் வழக்கம் மறையும். பழுதாகும் விசிறிக்குப் பதிலாகப் புதிது வாங்கும்போது முப்பது வாட் அளவில் ஓடும் பி.எல்.டி.சி. வகையைக் கேளுங்கள், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பழையதைக் கழற்றி எறிய வேண்டாம். மின் கட்டணச் சீட்டின் யூனிட் எண்ணிக்கையை அலுவலகத்திலிருந்து வாங்கி, சென்ற ஆண்டின் அதே மாதங்களோடு ஒப்பிட்டுப் பலகையில் எழுதுங்கள்.

ஏழாம் படி: மரம் நடுதலும் வளர்த்தலும்

மேற்கு மலையை ஒட்டிய பகுதிகளையும் குமரி மாவட்டத்தையும் தவிர்த்தால், தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்கு ஜூன் 5 மரம் நட ஏற்ற நாள் அன்று. கத்திரி வெயில் கழிந்த கையோடு, மண் வெந்து கிடக்கும் நேரத்தில், நல்ல மழைக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கும்போது ஒரு கன்றை நட்டு அதைத் தினமும் தண்ணீர் ஊற்றிக் காப்பாற்றும் நிலை ஏன் வர வேண்டும்? ஜூன் 5 அன்று விதை சேகரிக்கவும் நாற்றுப் பைகளில் மண் நிரப்பவும் செய்யுங்கள். ஆகஸ்டில் இரண்டடி ஆழ அகலத்தில் குழிகள் தோண்டி ஆறவிட்டு, உங்கள் உரத்தையும் மேல்மண்ணையும் கலந்து வையுங்கள். செப்டம்பர் இறுதியில் தொடங்கி அக்டோபருக்குள் நட்டுவிட்டால் அடுத்த இரண்டு மூன்று மாதம் வானமே நீர் ஊற்றும்.

எந்த மரம் என்பதை ஊரின் மண்ணைப் பார்த்து முடிவு செய்யுங்கள். வேம்பு, புங்கன், நாவல், மகிழம், இலுப்பை, சரக்கொன்றை பெரும்பாலான இடங்களுக்கு ஒத்துவரும். கடலோரத்தில் புன்னையும் பூவரசும், ஆற்றோர வண்டல் நிலத்தில் நீர்மருதும் நன்றாக வரும். விரைவில் நிழல் தருகிறது என்பதற்காக மயில்கொன்றை (குல்மொகர்) போன்ற அயல் மரங்களை வகுப்பறை ஓரம் நட வேண்டாம். 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது இத்தகைய மரங்கள் ஏராளமாகச் சாய்ந்தன. கட்டடத்திலிருந்து ஐந்து மீட்டராவது தள்ளி, மின்கம்பி மேலே போகாத இடமாகப் பாருங்கள். வனத்துறை நாற்றங்காலில் கேட்டால் கன்றுகள் குறைந்த விலையிலோ இலவசமாகவோ கிடைக்க வாய்ப்புண்டு. நான்கடிக்குக் குறையாத, தண்டு உறுதியான கன்றாகத் தேர்ந்தெடுங்கள்.

நூறு கன்று நட்டோம் என்ற செய்தியில் எனக்கு ஆர்வமில்லை. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் எத்தனை உயிரோடு இருக்கின்றன என்பதைத்தான் கேட்பேன். ஆகவே காக்க முடிந்த அளவே நடுங்கள்: ஒரு வகுப்புப் பிரிவுக்கு ஒரு கன்று போதும். ஆட்டுக்கும் மாட்டுக்கும் எட்டாத வேலி, அடியில் சருகு மூடாக்கு, அருகே அடியில் துளையிட்டுத் துணித்திரி செருகிய மண்பானை. பானையில் ஊற்றிய நீர் மெல்லக் கசிந்து வேருக்கே போகும். இதன் பெரிய நன்மை ஏப்ரல், மே விடுமுறையில் தெரியும். பள்ளியருகே வசிக்கும் மாணவர்கள் முறைவைத்துக்கொண்டு சில நாளுக்கு ஒருமுறை பானைகளை நிரப்பினாலே கன்றுகள் கோடையைத் தாண்டிவிடும். விடுமுறையில் வளாகத்துக்குள் வர அனுமதிக் கடிதத்தையும் உடன் வரும் பெரியவரின் பெயரையும் மார்ச் மாதத்திலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

எட்டாம் படி: பணமும் ஊரின் துணையும்

மேலே சொன்னவற்றில் பாதி பணமின்றி நடக்கும். மீதிக்குப் பள்ளி மேலாண்மைக் குழுவை அணுகுங்கள். அதில் பெற்றோரே பெரும்பான்மை, உள்ளாட்சிப் பிரதிநிதிகளும் இருக்கிறார்கள். கூட்டத்தில் மாணவர்கள் இருவர் பத்து நிமிடம் தங்கள் அளவுகளைப் படிக்க நேரம் கேளுங்கள். பணமாகக் கேட்பதைவிட ‘முந்நூறு செங்கல்’, ‘பன்னிரண்டு குழாய்த் திருகு’, ‘ஒரு கொத்தனாரின் ஒரு நாள் வேலை’ என்று பொருளாகக் கேட்டால் உடனே கிடைக்கிறது. முன்னாள் மாணவர்களிடமும் அப்படியே.

ஊராட்சியால் மட்டும் செய்யக்கூடிய வேலைகளுக்கு, அதாவது பள்ளிச் சுவரோரக் குப்பை மேடு, அருகிலுள்ள ஊருணியின் வரத்துக்கால் அடைப்பு போன்றவற்றுக்கு, கிராம சபையே சரியான இடம். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. வாக்காளர்களே அதன் உறுப்பினர்கள் என்பதால் மாணவர்கள் தயாரித்த மனுவைப் பெற்றோர் கையொப்பமிட்டு முன்வைக்க வேண்டும். ஒரு மனுவில் ஒரே கோரிக்கை, அதற்குரிய அளவு, இடத்தின் வரைபடம். தீர்மானப் புத்தகத்தில் பதிவாகும்வரை அங்கேயே இருந்து, தீர்மான எண்ணைக் குறித்துக்கொண்டு வாருங்கள்.

ஒன்பதாம் படி: பதிவேடும் ஒப்படைப்பும்

நல்ல மன்றங்கள் பெரும்பாலும் மூன்றாம் ஆண்டில் நின்றுபோவதற்குக் காரணம் ஆர்வக்குறைவு அன்று. தொடங்கியவர்கள் படித்து முடித்துப் போய்விட, எது எங்கே இருக்கிறது என்று சொல்ல ஆளில்லாமல் போவதுதான். அதனால் தடித்த அட்டை போட்ட ஒரே பதிவேட்டில் எல்லாவற்றையும் எழுதுங்கள்: கூட்டக் குறிப்பு, வாராந்தர எடை, மழையளவு, மின் அலகு, வரவு செலவு, கன்றுகளின் நிலை. கைப்பேசியில் மட்டும் இருக்கும் பதிவு அந்தக் கைப்பேசியோடு போய்விடும். செய்ய முயன்று நடக்காதவற்றையும் காரணத்தோடு எழுதுங்கள். அடுத்து வருபவர்களுக்கு மிகவும் பயன்படப்போவது அந்தப் பக்கங்கள்தான்.

ஒப்படைப்பை ஜூனில் வைத்துக்கொள்ளாதீர்கள். பொங்கல் விடுமுறை முடிந்த வாரத்திலேயே புதிய செயற்குழுவைத் தேர்ந்தெடுத்து, பிப்ரவரி, மார்ச் இரண்டு மாதமும் பழைய அணியும் புதிய அணியும் சேர்ந்தே வேலை செய்யட்டும். உரத்தொட்டியைக் கிளறுவது முதல் கிராம சபை மனு எழுதுவது வரை ஒவ்வொன்றையும் பழையவர் ஒருமுறை செய்து காட்டி, புதியவர் ஒருமுறை செய்து, இருவரும் பதிவேட்டில் கையொப்பமிட வேண்டும். ஆண்டுத் தேர்வுக்கு முந்தைய கடைசிக் கூட்டத்தில் பதிவேடு, தராசு, கையுறைகள், மழைமானி, விற்பனைத் தொகை ஆகியவை பட்டியலிட்டுப் புதிய செயலாளரிடம் தரப்படும். பட்டியலின் ஒரு படி தலைமையாசிரியர் அலுவலகக் கோப்பில் சேரும், கோடை விடுமுறைக்கான நீர் ஊற்றும் முறைப்பட்டியல் அதே நாளில் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும்.